முடி சுருட்டிய காலம்



கூந்தல் உள்ள மகராசி அதை எப்படியும் முடிந்துகொள்ளலாம் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அள்ளி முடியலாம், பின்னிப் போடலாம், கொண்டை போடலாம். ஆனால் மனித மனம் இருக்கிறதே, அது இருப்பதை வைத்துக்கொண்டு நிறைவு அடைவதில்லை. நேரான முடி உள்ளவளுக்குச் சுருள் முடி வேண்டும். பிறவியிலேயே சுருட்டை முடி உள்ளவளுக்கு அதை நீட்டி நேராக்க வேண்டும். இந்த ஆசை இன்று நேற்று வந்ததன்று. இதற்காக உலகம் முழுவதும் பெண்கள் பட்ட பாடும், கண்டுபிடித்த கருவிகளும், சுட்டுக்கொண்ட விரல்களும் கொஞ்சமல்ல. அந்தப் பழைய கருவிகளையும் முறைகளையும் இன்று சிறிது நேரம் நினைத்துப் பார்ப்போம். அவற்றுக்குள் இருக்கும் அறிவியலையும் தெரிந்துகொள்வோம். அந்த அறிவியலில் நம் பால் மரத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் நம் லயத்து வீடுகளிலிருந்தே தொடங்குவோம். நாங்கள் சிறுமிகளாக இருந்த காலத்தில் பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்குதான். விடியுமுன்னே பிரட்டுக்குப் போகவேண்டிய பெண்களுக்குத் தலைவாரக் கண்ணாடி பார்க்கவும் நேரம் இருக்காது. தேங்காய் எண்ணெயை வழித்துத் தடவி, இறுக்கிக் கொண்டை போட்டு, அதன்மேல் துணியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முடியில் ரப்பர் பால் ஒட்டிவிட்டால் எடுப்பது எவ்வளவு தொல்லை என்பது மரம் சீவியவர்களுக்கே தெரியும். ஆகவே வேலை நாளில் அலங்காரத்துக்கு இடமே இல்லை.

ஆனால் தீபாவளி வந்துவிட்டால் கதை வேறு. கோயில் திருவிழா, கல்யாணம், திடலில் திரை கட்டிப் படம் காட்டும் இரவு என்றாலும் அப்படியே. குமரிப் பெண்கள் முதல் நாளே ஆயத்தம் செய்யத் தொடங்குவார்கள். பழைய சாரத்தையோ வேட்டியையோ விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்வார்கள். தலையை நனைத்துத் துவட்டி, ஈரம் பாதி இருக்கும்போதே முடியைச் சிறு சிறு பங்காகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பங்கின் நுனியையும் துணிக் கந்தலில் வைத்து, உச்சந்தலை வரை சுருட்டிக்கொண்டு போய் முடிச்சுப் போடுவார்கள். அப்படியே படுத்துத் தூங்க வேண்டும். இருபது முடிச்சுகளோடு தூங்குவது எப்படி என்று கேட்காதீர்கள். தூங்கினோம் என்று சொல்வதைவிட விடியும்வரை புரண்டுகொண்டிருந்தோம் என்பதே பொருந்தும். காலையில் முடிச்சை அவிழ்த்தால் முடி வளையம் வளையமாகத் தொங்கும்.

இதையே சிலர் பென்சிலில் செய்வார்கள். நெற்றியில் விழும் சிறு முடிக்கு மட்டும் பென்சிலைச் சுற்றிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து உருவிவிடுவார்கள். இன்னும் சிலர் விரலாலேயே முடியைச் சுற்றிக் காசு போலத் தட்டையாக்கி, இரண்டு கறுப்பு ஊசிகளைக் குறுக்கே குத்திவிடுவார்கள். இந்த ஊசி முறை மேல்நாட்டில் மிகப் பெயர் பெற்றது. 1920களில் அங்கே பெண்கள் முடியைக் கழுத்தளவுக்குக் கத்தரித்துக்கொண்டபோது, அந்தக் குட்டை முடியைப் பிடித்து நிறுத்துவதற்காகவே இறுகிய சிறு ஊசிகள் பரவின. இரண்டாவது உலகப்போரின்போது உலோகமெல்லாம் போர்த் தளவாடங்களுக்குப் போனதால் அமெரிக்காவில் இந்த ஊசிக்கே பஞ்சம் வந்துவிட்டது. இருக்கிற சில ஊசிகளைப் பொன்னைப் போலப் பத்திரப்படுத்தினார்கள்.

சுருட்டிய முடி கலையாமல் நிற்பதற்காக மேல்நாட்டுப் பெண்கள் சர்க்கரைத் தண்ணீரைத் தடவுவதுண்டு. பீர் தடவியவர்களும் உண்டு. ஆளிவிதையை வேகவைத்து வடித்த கொழகொழப்பான நீரையும் பயன்படுத்தினார்கள். நம் லயத்தில் சர்க்கரைத் தண்ணீர் தடவிக்கொண்டு படுத்தால் என்ன ஆகும்? விடிவதற்குள் எறும்புகள் ஊர்வலம் வந்துவிடும்! ஆகவே நமக்கு வெறும் தண்ணீரே போதுமானதாக இருந்தது.

அடுத்தது இடுக்கி. இரண்டு இரும்புக் கோல்கள், ஒன்று உருண்டையாக இருக்கும், மற்றது அதைத் தழுவிப் பிடிக்கும் குழிந்த தகடாக இருக்கும். கைப்பிடி மரத்தால் ஆனது. கத்தரிக்கோலைப் போல் திறந்து மூடலாம். அதை அடுப்புத் தணலில் காயவைத்து, துணியால் துடைத்து, முடியைப் பிடித்துச் சுற்றி, பத்து எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். சூடு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய செய்தித்தாள்தான் அளவுகோல். இடுக்கியைத் தாளில் வைத்தால் தாள் பழுத்தால் சூடு அதிகம். தாள் நிறம் மாறாமல் இருந்தால் தலைக்குக் கொண்டு போகலாம். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்கூட இந்தச் சோதனையைத் தவறாமல் செய்வார்கள். ஐரோப்பாவின் பெரிய சிகையலங்காரக் கடைகளிலும் அந்நாளில் இதே தாள் சோதனைதான்.

இந்த இடுக்கியின் வரலாறு மிக நீண்டது. பழங்கால உரோமாபுரியில் உலோகக் குழல் ஒன்றைச் சாம்பலில் சூடேற்றி முடியைச் சுருட்டினார்கள். அதற்குக் 'கலமிஸ்திரம்' என்று பெயர். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் சுருட்டிக்கொண்டார்கள். அப்படிச் சுருட்டிக்கொண்டு திரிந்த அரசியல்வாதி ஒருவரைச் சிசரோ என்ற புகழ்பெற்ற பேச்சாளர் கேலி செய்திருக்கிறார். ஓவிட் என்ற கவிஞர், சாயமும் சூடும் போட்டு முடியைப் பாழாக்கிக்கொண்ட தன் காதலியைப் பற்றி ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னே எகிப்து நாட்டில் பொய்முடிகளைச் சுருட்டி, தேன்மெழுகும் பிசினும் பூசி நிலைநிறுத்தினார்கள்.

நம் தமிழ் மரபிலும் இதற்கு இடம் உண்டு. பெண்களின் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. கூந்தலை ஐந்து வகையாக ஒப்பனை செய்வதால் வந்த பெயர் அது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று அந்த ஐந்தையும் எண்ணுவார்கள். அவற்றுள் 'சுருள்' என்றே ஒன்று இருப்பதைக் கவனியுங்கள். கூந்தலை அகிற்புகையில் உலர்த்திய செய்தியும் சங்கப் பாடல்களில் வருகிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுகிவிட்டு நாம் சாம்பிராணிப் புகை காட்டுகிறோமே, அந்த வழக்கத்தின் மூதாதை அதுதான்.

நேயர்களே, உரோமாபுரியைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியை நாம் மறக்கக் கூடாது. அங்கே சீமாட்டிகளின் முடியைச் சுருட்டியவர்கள் அடிமைப் பெண்கள். மார்ஷியல் என்ற கவிஞர் ஒரு சிறு கவிதையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தலை நிறைய வளையங்கள் சுருட்டியாகிவிட்டது. ஒரே ஒரு வளையம் மட்டும் ஊசி நழுவிக் கலைந்துவிட்டது. அதைக் கண்ணாடியில் பார்த்த எசமானி, அந்தக் கண்ணாடியாலேயே பணிப்பெண்ணை அடித்து வீழ்த்திவிட்டாள். ஒரு சுருள் முடிக்காக ஒருத்தி அடிபட்டாள். சூட்டுக் கோலைப் பிடித்தவள் ஒருத்தி, அழகு பெற்றவள் வேறொருத்தி. உழைக்கிறவர் கையும் அனுபவிக்கிறவர் தலையும் வேறு வேறாக இருந்த காலம் அது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இப்போது 1872ஆம் ஆண்டுக்கு வருவோம். பாரிஸ் நகரில் மார்செல் கிராத்தோ என்ற முடி அலங்காரக்காரர், இடுக்கியைப் பிடிக்கும் விதத்தையே மாற்றினார். அதுவரை முடியைக் கோலில் சுற்றி வளையமாக்குவதே வழக்கம். அவரோ முடியை இடுக்கியில் மேலும் கீழுமாக வளைத்து, கடல் அலை போல மடிப்பு மடிப்பாகப் படியவைத்தார். 'மார்செல் அலை' என்று அது உலகப் புகழ் பெற்றது. அரை நூற்றாண்டு காலம் அதுவே நாகரிகமாக இருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் நாயகிகளின் நெற்றியோரம் வழுவழுப்பாகப் படிந்த அலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை மார்செல் வழி வந்தவையே.

நம்மவர்களுக்கு நாகரிகம் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் பெரும்பாலும் சினிமாதான். பெண்கள் மட்டும் என்று எண்ணாதீர்கள். எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' படம் 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்து, சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவருடைய முடி பின்கழுத்து வரை சுருண்டு புரளும். அதைப் பார்த்து ஆண்களும் 'பாகவதர் கிராப்பு' வைத்துக்கொண்டார்கள். ஆண்பிள்ளை பாகவதர் கிராப்பு வைத்தால் ரசிகர் என்றார்கள். பெண்பிள்ளை நெற்றியில் ஒரு சுருளை இறக்கிவிட்டால் மட்டும் 'சினிமாக்காரி மாதிரி திரிகிறாள்' என்றார்கள். இந்த இரட்டை நீதியை நம் லயங்களில் எத்தனையோ பெண்கள் அனுபவித்திருக்கிறார்கள். ஆறு நாளும் உழைத்த பெண், ஒருநாள் கண்ணாடியில் தன்னை அழகாகப் பார்க்க ஆசைப்படுவது ஒரு குற்றமா?

சரி, துணியில் சுருட்டினாலும் இடுக்கியில் சுருட்டினாலும் அந்தச் சுருள் ஏன் நிலைப்பதில்லை? நம் நாட்டில் காலையில் சுருட்டினால் பகலுக்குள் தொங்கிவிடுகிறதே, அது ஏன்? இங்கேதான் அறிவியல் வருகிறது.

நம் முடி 'கெராட்டின்' என்ற புரதத்தால் ஆனது. நகமும் மாட்டுக் கொம்பும்கூட அதே இனம்தான். முடிக்குள் இந்தப் புரதம் நீண்ட நீண்ட இழைகளாகக் கிடக்கிறது. இழைக்கும் இழைக்கும் நடுவே இரண்டு வகைக் கட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இலேசான நூல் முடிச்சு. மற்றது உறுதியான பாலம். இலேசான முடிச்சை 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்பார்கள். தண்ணீர் பட்டால் அது அவிழும். காய்ந்தால் மறுபடி முடிச்சு விழும். ஈர முடியைத் துணியில் சுருட்டும்போது பழைய முடிச்சுகள் அவிழ்ந்திருக்கின்றன. சுருண்ட நிலையிலேயே அது காய்வதால் புதிய முடிச்சுகள் சுருள் வடிவத்திலேயே விழுகின்றன. சூட்டு இடுக்கியும் இதையேதான் செய்கிறது. ஒரு இரவு முழுவதும் ஆகிற வேலையைச் சில நொடிகளில் முடித்துவிடுகிறது. ஆனால் வியர்வை பட்டாலும், மழைச் சாரல் பட்டாலும், காற்றில் ஈரம் மிகுந்தாலும் அந்த முடிச்சு மறுபடி அவிழ்ந்துவிடும். நம் நாட்டின் காற்றிலோ ஆண்டு முழுவதும் ஈரம். அதனால்தான் காலையில் சுருட்டிய முடி, கல்யாணப் பந்தலில் மாலை மாற்றுவதற்குள் தொங்கிவிடுகிறது. தவறு சுருட்டியவள் மேலில்லை; காற்றின் மேலே!

அப்படியானால் நிலையான சுருளுக்கு அந்த இரண்டாவது கட்டை, அதாவது உறுதியான பாலத்தை, அசைத்தாக வேண்டும். அந்தப் பாலம் எதனால் ஆனது தெரியுமா? கந்தகத்தால். முடி தீயில் பொசுங்கினால் ஒரு நாற்றம் வருகிறதே, அதற்குக் கந்தகமும் ஒரு காரணம்.

பால் மரத்தின் உறவு என்று தொடக்கத்தில் சொன்னோமே, அது இதுதான். மரத்திலிருந்து வரும் பாலை உறையவைத்து எடுக்கும் பச்சை ரப்பர், வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனால் உறுதியான சக்கரம் செய்ய முடியாது. 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படுவதைக் கண்டார். ரப்பரின் நீண்ட இழைகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டுவிடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும். நாம் சீவிய பால், சக்கரமாக உருளுவதற்குக் காரணம் எதுவோ, நம் தலைமுடி தன் வடிவத்தைக் காத்துக்கொள்வதற்கும் காரணம் அதுவே.

இந்தக் கந்தகப் பாலத்தை முதன்முதலில் வெற்றிகரமாக அசைத்துக் காட்டியவர் கார்ல் நெஸ்லர். ஜெர்மனி நாட்டில் கருங்காட்டுப் பகுதியில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1872ஆம் ஆண்டில் பிறந்தவர். 1906ஆம் ஆண்டில் இலண்டனில் தம் முறையைப் பலர் முன்னிலையில் செய்து காட்டினார். முடியில் காரக் கரைசலைத் தடவி, கோல்களில் இறுக்கிச் சுற்றி, மின்சாரத்தால் சூடேற்றிய பித்தளை உருளைகளை அவற்றின்மேல் மாட்டினார். ஒவ்வோர் உருளையும் ஏறக்குறைய 2 பவுண்டு எடை. அப்படி ஒரு டசன் உருளைகள்! தலை அந்தப் பாரத்தைத் தாங்காது என்பதால் மேலேயிருந்து எதிர் எடை கட்டித் தொங்கவிட்டார். ஒரு தலைக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. அவருடைய சோதனைகளுக்கெல்லாம் தலை கொடுத்தவர் அவர் மனைவி கத்தரீனா. முதல் சோதனைகளில் அந்த அம்மையாரின் முடி கருகிப் போயிற்று. தலைத் தோலிலும் தீப்புண் ஏற்பட்டது. புகழ் கணவருக்கு, புண் மனைவிக்கு. நெஸ்லரின் பெயரைச் சொல்லும்போது கத்தரீனாவின் பெயரையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பின்னர் வந்த மின் இயந்திரங்களின் படத்தைப் பார்த்தால் இன்றும் நெஞ்சு திடுக்கிடும். ஒரு தூணின் உச்சியில் வட்டமான தட்டு. அதிலிருந்து கறுப்புக் கம்பிகள் விழுது போலத் தொங்கும். ஒவ்வொரு கம்பியும் அந்தப் பெண்ணின் தலையில் ஒரு சுருளைக் கவ்வியிருக்கும். எழ முடியாது, திரும்ப முடியாது. அழகுக்காக ஆலமரத்தில் கட்டிப்போட்டது போல உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த இயந்திர வரலாற்றில் நாம் தலைவணங்க வேண்டிய ஒரு பெண்மணி இருக்கிறார். அவர் பெயர் மார்ஜரி ஜாய்னர். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் 1896ஆம் ஆண்டில் பிறந்த கறுப்பினப் பெண். அடிமையாக இருந்த ஒருவரின் பேத்தி. சிக்காகோவில் ஓர் அழகுக்கலைப் பள்ளியில் படித்து 1916ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார்; அந்தப் பள்ளியில் தேறிய முதல் கறுப்பினப் பெண் அவரே. வாடிக்கைப் பெண்கள் ஒவ்வொரு சுருளாக மணிக்கணக்கில் காத்துக்கிடப்பதைப் பார்த்து, இதைச் சுருக்க வழி இல்லையா என்று யோசித்தார். ஒருநாள் சமையலறையில், இறைச்சித் துண்டைச் சேர்த்துப் பிடிக்கவும் உள்ளிருந்து வேகவைக்கவும் செருகும் மெல்லிய கம்பிகள் அவர் கண்ணில் பட்டன. அதே போல முடிக்கும் பல கம்பிகளை ஒரே நேரத்தில் சூடேற்றினால் என்ன என்று தோன்றியதாக அவர் வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது. பதினாறு கோல்களை ஒரே மின்கம்பியில் இணைத்து இயந்திரம் செய்தார். 1928ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அந்த உரிமை அவர் வேலை செய்த நிறுவனத்துக்கே போயிற்று. இயந்திரம் எத்தனையோ கடைகளில் ஓடியது. செய்தவர் கைக்கு அதிலிருந்து வந்த பணம் இல்லை என்றே சொல்லலாம். உரோமாபுரிப் பணிப்பெண்ணின் கதையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் கை ஒருவருடையது, பலன் மற்றவருடையது என்றே இருந்தது. ஆனால் ஜாய்னர் அம்மையார் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். பெண் தொழிலாளருக்காகவும் கல்விக்காகவும் பாடுபட்டார். 1973ஆம் ஆண்டில், தமது 77ஆம் வயதில், கல்லூரிப் பட்டமும் பெற்றார். 1994ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். வயதாகிவிட்டது, இனி என்ன படிப்பு என்று சொல்லும் நம் அம்மாமார் இந்தச் செய்தியைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த பெரிய மாற்றம் 1938ஆம் ஆண்டில் வந்தது. ஆர்னால்டு வில்லட் என்பவர், சூடே இல்லாமல் மருந்தால் மட்டும் சுருட்டும் 'குளிர் அலை' முறையைக் கொண்டுவந்தார். இன்றைய 'பெர்ம்' இதன் வழி வந்ததே. அது வேலை செய்யும் விதம் எளிது. முதல் மருந்து கந்தகப் பாலங்களில் ஒரு பகுதியை உடைக்கும். முடி ரோலரில் சுற்றியபடியே இருக்கும். பிறகு இரண்டாவது மருந்து, உடைந்த பாலங்களைப் புதிய வடிவத்தில் மறுபடி கட்டிவிடும். முதல் மருந்தில் மூக்கைத் துளைக்கும் வாடை ஒன்று உண்டு. அது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் பழக்கமான வாடைதான். வாளியில் பால் உறைந்துவிடாமல் இருக்கச் சில துளிகள் விடுவோமே, அமோனியா, அதே வாடை! முடியின் மேல் செதில்களைத் திறந்து மருந்தை உள்ளே விடுவதற்காக அது சேர்க்கப்படுகிறது.

1944ஆம் ஆண்டில் 'டோனி' என்ற பெயரில், வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் பெர்ம் பெட்டி அமெரிக்காவில் வந்தது. கடைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்குதான் விலை. அக்காவும் தங்கையும் ஒருவர் தலையில் ஒருவர் சுருட்டிக்கொண்டார்கள். நம் பக்கத்திலோ பெர்ம் என்றால் பட்டணத்துச் சீனர் கடைக்குத்தான் போக வேண்டும். பஸ் ஏறிப் போய், தலையில் பல வண்ண ரோலர்களோடு பெரிய கூண்டுக்கு அடியில் உட்கார்ந்து, மாலையில் புதிய தலையோடு லயத்தில் வந்து இறங்கும் அக்காவைப் பார்க்கக் கூட்டமே கூடும். பாராட்டுவோர் சிலர், முகத்தைச் சுளிப்போர் சிலர். 'நிரந்தரம்' என்று பெயர் இருந்தாலும், வேரிலிருந்து புதிதாக வளரும் முடி பிறவி வடிவத்திலேயே வரும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளருகிறது அல்லவா? ஆகவே ஆறு மாதத்தில் தலைப்பக்கம் நேராகவும் நுனிப்பக்கம் சுருளாகவும் ஆகிவிடும்.

காலச் சக்கரம் சுழன்றது. இப்போது சுருட்டுவதைவிட நேராக்கும் ஆசையே மிகுதி. 'ரீபாண்டிங்' என்று பெண்பிள்ளைகள் கேட்பது இதே கந்தக வித்தையைத் தலைகீழாகச் செய்வதுதான். பாலத்தை உடைத்து, சுருளுக்குப் பதிலாக நேராக வைத்துக் கட்டுகிறார்கள். இதில் ஒரு மனவேதனையும் கலந்திருக்கிறது. பள்ளியில் 'சுருட்டைத் தலை' என்று கேலி செய்கிறார்கள் என்பதால் அழுது நேராக்கிக்கொள்ளும் சிறுமிகள் உண்டு. முடி சுருண்டிருப்பது நோயன்று, குறையன்று. முடி முளைக்கும் குழியின் வடிவம் வளைந்திருந்தால் முடி சுருண்டு வரும். அது தாத்தா பாட்டி கொடுத்த சொத்து. அதைப் பெறுவதற்காகத்தான் மற்றவர்கள் துணிக் கந்தலோடு தூங்காமல் புரண்டார்கள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, உங்கள் பெண் சுருட்டவோ நேராக்கவோ ஆசைப்பட்டால் திட்டி அடக்காதீர்கள். பாதுகாப்பைக் கற்றுக்கொடுங்கள்.

மின்சார இடுக்கியைக் காய்ந்த முடியில் மட்டுமே வைக்க வேண்டும். ஈர முடியில் வைத்தால் முடிக்குள் இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி, முடித் தண்டிலேயே கொப்புளம் போல இடைவெளி உண்டாக்கும்; அந்த இடத்தில் முடி ஒடியும். ஈரக் கையோடு தொடக் கூடாது. வேலை முடிந்ததும் மின்செருகியைப் பிடுங்கி, ஆறும்வரை பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். நம் காலத்தில் தணல் அணைந்தால் கோலும் ஆறிவிடும். மின்சாரம் அப்படி இல்லை, நிறுத்தும்வரை காய்ந்துகொண்டே இருக்கும்.

சுட்டுக்கொண்டால் கிச்சாப்பு, பற்பசை, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பெரிய புண் என்றால் மருத்துவமனைக்குப் போங்கள்.

பெர்ம் மருந்தையோ நேராக்கும் மருந்தையோ முழுத் தலையில் போடுமுன், காதுக்குப் பின்னால் சிறு துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் வேண்டாம். தலையில் புண், சிரங்கு இருக்கும்போது போடக் கூடாது. சாயமும் பெர்மும் ஒரே நாளில் வேண்டாம். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். முடியை நேராக்கும் சில மருந்துகளில் 'பார்மால்டிஹைடு' என்ற பொருள் இருக்கிறது அல்லது சூடுபட்டு வெளிவருகிறது. அதன் புகை கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு; நெடுங்காலம் சுவாசித்தால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். போட்டுக்கொள்ளும் பெண்ணைவிட, நாள் முழுவதும் அந்தக் கடையில் நின்று போட்டுவிடும் பெண்ணுக்கே ஆபத்து அதிகம்.

அந்தப் பெண் நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம் அல்லவா? தோட்டத்தைவிட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு, சிகையலங்காரமும் அழகுக்கலையும் சோறு போட்டிருக்கின்றன. ஆகவே அந்தத் தொழிலுக்குப் போகும் மகளிடம் இரண்டு செய்திகளைச் சொல்லி அனுப்புங்கள். காற்றோட்டம் இல்லாத அறையில், கையுறை இல்லாமல் மருந்தைத் தொடாதே. கை பழகிவிட்டது, அது போதும் என்று இருந்துவிடாதே; முறையாகப் பயின்று மலேசியத் திறன் சான்றிதழைக் கையில் வாங்கு. மார்ஜரி ஜாய்னருக்குக் கையில் திறமை இருந்தது. உரிமைத்தாள் வேறொருவரிடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்குத் திறமையும் தாளும் இரண்டும் ஒரே கையில் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் துருப்பிடித்த பழைய இடுக்கி ஒன்று கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். பாட்டியை உட்காரவைத்து, அதை எப்படிக் காயவைத்தாள், யார் தலையில் முதலில் போட்டாள் என்று பேத்திகளைக் கேட்கச் சொல்லுங்கள். நம் உழைப்பாளிப் பெண்களின் வரலாற்றைப் புத்தகத்தில் எழுதியவர்கள் குறைவு. அது இப்படிப்பட்ட சின்னச் சின்னப் பொருள்களில்தான் தங்கியிருக்கிறது.